கிரவுணை முறுக்கேக்க றோட்டரும் சேர்ந்து சுத்துது: குளோன் 2824ஐக் கழுவுறதா, மாத்துறதா?

கொக்குவில்கரை:
றெப்ளிக்கா டைவர் மணிக்கூடு ஒண்டு. உள்ளுக்க இருக்கிற மூவ்மென்ற் (ஓடுற இயந்திரம்) எற்றா 2824-2 எண்ட சுவிஸ் மூவ்மென்ற்றின்ர சீனக் குளோன் (நகல்), சீகல் எஸ்ரி2130 எண்டு நினைக்கிறன். கிரவுணை (பக்கத்தில இருக்கிற குமிழை) கையால முறுக்கேக்க றோட்டரும் (கை அசையேக்க சுத்தி வில்லை முறுக்குற அரைவட்டத் தகடு) சேர்ந்து விர்ரெண்டு சுத்துது. இரவு கழட்டி வைச்சால் 14 மணித்தியாலத்தில நிண்டிடும். ஃபோன் ஆப்பில டயல் மேல பார்க்க நாளுக்கு +14 செக்கன், அம்ப்ளிரியூட் (முன்னும் பின்னும் ஆடுற பலன்ஸ் சில்லின்ர வீச்சு, பாகையில) 205, பீற் எறர் (டிக்குக்கும் டொக்குக்கும் இடைவெளி வித்தியாசம்) 0.9. பெற்றோலில கழுவி தையல் மெசின் எண்ணெய் விட்டால் காணுமோ? இல்லாட்டி புது மூவ்மென்ற் வாங்கிப் போடுறதோ?

பலன்ஸ்கொக்:
தம்பி, முதல் வேலை: கையால முறுக்கிறதை இப்பவே நிப்பாட்டும். றோட்டர் சேர்ந்து சுத்துதெண்டால் ஓட்டோமற்றிக் பகுதியில இருக்கிற றிவேர்சர் வீல் ரெண்டும் உள்ளுக்க பிடிச்சுக்கொண்டு நிக்குது எண்டு அர்த்தம். அதுக்குள்ள குட்டிக் கொக்கிகள் இருக்கு. ஒரு பக்கம் சுத்தேக்க பிடிக்க வேணும், மற்றப் பக்கம் வழுக்க வேணும். எண்ணெய் கூடினாலும் காய்ஞ்சு பசையானாலும் வழுக்காது. அப்ப நீர் முறுக்கிற பலம் பல்லுச் சில்லுகளுக்கால தலைகீழாப் போய் றோட்டரைச் சுழட்டும். தொடர்ந்து செய்தால் பல்லு தேயும்.

14 மணித்தியாலத்தில நிக்கிறதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். பிரிச்சுப் பார்க்கிறது லேசு. றோட்டரோட ஓட்டோமற்றிக் பகுதியை முழுசாக் கழட்டி வையும், அது இல்லாமலே மூவ்மென்ற் ஓடும். பிறகு கிரவுணை 30 – 35 சுத்து முறுக்கி, எத்தினை மணித்தியாலம் ஓடுதெண்டு குறியும். 2824 க்கு 38 வர வேணும். 36, 38 வந்தால் வில்லும் பரலும் (வில் சுருண்டிருக்கிற டப்பா) நல்லம், பிழை றிவேர்சரிலதான். அப்பவும் 14 இல நிண்டால் பரலைத் திறக்க வேணும். அதிலயும் ஒரு குறிப்பு: 10, 12 சுத்திலேயே வில் வழுக்கிற மாதிரி கைக்குத் தெரிஞ்சால், பரல் சுவரில இருக்க வேண்டிய கிறீஸ் இல்லை, அல்லது பிழையான எண்ணெய் கிடக்கு. ஓட்டோமற்றிக் வில் நுனி கொக்கியில மாட்டுறேல்ல, சுவரோட உராய்ஞ்சு நிக்கிறது. அங்க சாதாரண எண்ணெய் பட்டால் நிறைய முதலே வழுக்கிவிடும். மொபியஸ் 8217 போல பிடிப்புக் கிறீஸ், சுவரில நாலு ஐஞ்சு புள்ளி, அவ்வளவுதான்.

ஆப்பில லிஃப்ற் ஆங்கிளை (அம்ப்ளிரியூட்டைக் கணக்கிட ஆப்புக்குக் குடுக்கிற பாகை) பார்த்தனீரோ? கனக்க ஆப்பில 52 எண்டு கிடக்கும். 2824 க்கு 50 போட வேணும். 52 இல 205 வந்தால் உண்மையில 197 அளவுதான். முழுசா முறுக்கினபிறகு டயல் மேல 270 க்கு மேல எதிர்பாக்கலாம். 200 க்குக் கீழ நிக்கேக்க +14 ஐக் குறைக்கிறன் எண்டு றெகுலேற்றரை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற நெம்பை) தொடுறது வீண் வேலை. கழுவி எண்ணெய் போட்டவுடன வீதமே மாறும்.

சாவணம்77:
பெற்றோல் வேண்டாம். காய்ஞ்சாப் பிறகு படை விடும், மணமும் போகாது. லைற்றருக்கு விடுற நப்தா நல்லம். ஐசோபுறோபைல் அல்ககோலில பலற் ஃபோர்க்கையும் (சில்லை ஒவ்வொரு பல்லா விடுற கவை) பலன்ஸையும் ஊறப் போடாதேங்கோ. பலற் கல்லும் இம்பள்ஸ் கல்லும் ஷெல்லாக்கால ஒட்டினது, அல்ககோல் அதைக் கரைச்சுப்போடும்.

தையல் மெசின் எண்ணெய் பரவும். கொஞ்சம் ஹேர் ஸ்பிரிங்கில (பலன்ஸின்ர மெல்லிய சுருள் வில்) ஏறினால் சுருள் ஒண்டோடொண்டு ஒட்டி, மணிக்கூடு நாளுக்கு நிமிசக் கணக்கில ஓடித்தள்ளும். காந்தம் பிடிச்சாலும் இதே குணம் தெரியும். அதால கழட்ட முதல் திசைகாட்டியைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கோ. ஊசி ஆடினால் டீமக்னற்றைசர் போதும்.

எண்ணெயெண்டால், வேகமாச் சுத்துற பிவற்றுகளுக்கு (சில்லு அச்சு முனைகளுக்கு) மொபியஸ் 9010, மெதுவா பாரத்தோட சுத்துறதுக்கு எச்பி1300, பலற் கல்லுக்கு 9415. பிவற்றைத் தாங்குற கல்லின்ர குழியில பாதிக்குக் கொஞ்சம் மேல நிண்டால் காணும், வழிஞ்சால் துடைச்சுத் திரும்பச் செய்ய வேணும். பலற் ஃபோர்க்கின்ர பிவற்றுக்கு எண்ணெயே இல்லை. றிவேர்சர் வீலுக்கு நேரா எண்ணெய் துளிக்கக் கூடாது. கழுவி, லூபெற்றா வி105 எண்ணெய்க் கரைசலில முக்கி எடுத்து, காய விட்டுப் பூட்டுறதுதான் முறை. காய்ஞ்சாப் பிறகு சாவணத்தால பிடிச்சு ஒரு பக்கமும் மற்றப் பக்கமும் உருட்டிப் பாருங்கோ: ஒரு பக்கம் தங்குதடையில்லாமல் வழுக்கும், மற்றப் பக்கம் உடன பிடிக்கும்.

ஃபானை நிப்பாட்டிப்போட்டு இருங்கோ. மடியில வெள்ளைச் சாரம் விரிச்சால் பறக்கிற ஆணி கண்ணில படும். வில்லில முறுக்கு இருக்கேக்க பிறிட்ஜை (சில்லுகளை மேலால பிடிச்சிருக்கிற தகடு) கழட்டவே கூடாது. கிளிக்கை (வில் திரும்பி அவிழாமல் தடுக்கிற கொக்கி) ஒதுக்கிப் பிடிச்சு, கிரவுணை விரலுக்கால மெல்ல மெல்ல விட்டு இறக்குங்கோ.

கொக்குவில்கரை:
ஓட்டோமற்றிக் பகுதியைக் கழட்டிச் சோதிச்சன், 37 மணித்தியாலம் ஓடினது. அப்ப றிவேர்சர்தான். ஆனா ஸ்ரெம்மை (கிரவுண் பூட்டின தண்டு) கழட்டிப் பூட்டினாப் பிறகு அது பிடிச்சு நிக்குதில்லை, இழுத்தால் கையோட வருது.

பலன்ஸ்கொக்:
ஸ்ரெம்மை விடுவிக்கிற பொத்தானை அளவுக்கு மிஞ்சி அமத்திப்போட்டீர். 2824 குடும்பத்தில வழமையா நடக்கிறது: செற்றிங் லீவர் (ஸ்ரெம்மைப் பிடிக்கிற நெம்பு) இடம் விட்டு விலகி, யோக்கும் (அதோட சேர்ந்து வேலை செய்யிற மற்ற நெம்பு) நழுவியிருக்கும். பின் பக்கத்தால சரிக்கட்ட ஏலாது. முள்ளுகளை 12 இல ஒண்டுக்குமேல ஒண்டா வைச்சு, டயல் மேல மெல்லிய பிளாஸ்ரிக் தாள் விரிச்சுக் கழட்டும். டயல் காலைப் பிடிச்சிருக்கிற பூட்டைத் தளர்த்தினால் டயல் வரும். டேற் பகுதியைக் கழட்டினாப் பிறகு கீலெஸ் பகுதி (முறுக்கவும் நேரம் வைக்கவும் உதவுற பாகங்கள்) தெரியும். லீவரைத் தன்ர இடத்தில இருத்தி, ஸ்ரெம்மைச் செருகி, மூண்டு நிலையும் டக்கெண்டு வருதோ பார்த்துப்போட்டு மூடும். அடுத்த முறை பொத்தானை முனையால மெதுவாத் தொட்டபடி ஸ்ரெம்மை இழும், தன்பாட்டில வரும்.

முள்ளுக்கம்பி:
எனக்கெண்டால் இவ்வளவு மினக்கெடத் தேவையில்லை எண்டுதான் படுது. பல்லு தேய்ஞ்சிருந்தால் புது எஸ்ரி2130 அல்லது பிரி5000 (இன்னொரு 2824 குளோன்) ஐ முழுசாப் போடுறது லாபம். ரெண்டும் 25.6 மிமீ அகலம், 4.6 மிமீ தடிப்பு, 2824 இன்ர முள்ளே பொருந்தும். சீக்கோ என்எச்35 மலிவெண்டு அதுக்குப் பாயாதேங்கோ. 27.4 மிமீ அகலம், 5.32 தடிப்பு, உந்தக் கேசுக்குள்ள இறங்காது. செக்கன் முள்ளின்ர ஓட்டையும் வேற, 2824 க்கு 0.25, என்எச்35 க்கு 0.20.

எதைச் செய்தாலும் பின் மூடி றப்பர் வளையத்தை மாத்துங்கோ. டயலில 300 மீற்றர் எண்டு அடிச்சிருந்தாலும் றெப்ளிக்காவை நம்பிக் கிணத்தடிக்குக் கட்டிக்கொண்டு போகேலாது. எங்கட உப்புக்காத்தும் வேர்வையும் முதல்ல பிடிக்கிறது கிரவுண் குழாயைத்தான், அங்கயிருந்து ஸ்ரெம் துருப்பிடிச்சு உள்ளுக்க போகும். வளையத்தில சிலிக்கன் கிறீஸ் பளபளப்பு வாற அளவுக்குப் பூசினால் காணும்.

சாவணம்77:
மூவ்மென்ற் மாத்தினால் பழசை எறியாதேங்கோ. பலன்ஸும் பரலும் நல்லமெண்டால் உதிரிக்கு உதவும். புதுசைப் பூட்டினாப் பிறகு இரவு 8 இலயிருந்து விடிய 2 மட்டும் திகதியைக் கிரவுணால மாத்த வேண்டாம். அந்த நேரம் திகதிச் சில்லு பல்லில பிடிச்சபடி நிக்கும், அமத்தித் தள்ளினால் பல்லு உடையும்.