கரைமடக்கு வேட்டை: ஓங்கில்களைக் கரைக்கு ஓட்டிக் கொல்லும் முறைக்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஓங்கில் (டால்ஃபின்) கூட்டத்தைப் படகுகளால் வளைத்து, ஆழமற்ற குடாவுக்குள் ஓட்டிச் சென்று, அங்கே கொல்கிற அல்லது உயிரோடு பிடிக்கிற முறையை ஆங்கிலத்தில் 'டிரைவ் ஹன்ட்' என்கிறார்கள். இதற்கு ஈடான தமிழ்க் கலைச்சொல்லாக விரட்டு வேட்டை, கரைவலை வேட்டை, கரையேற்று வேட்டை, மரபு வேட்டை, ஓங்கில் படுகொலை ஆகிய சொற்கள் இந்த இழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் கடைசி இரண்டும் முறையைச் சொல்லாமல் தீர்ப்பைச் சொல்கின்றன என்பதே என் முதன்மையான மறுப்பு. முதல் மூன்றிலும் குறைகள் உண்டு. ஆனால் அவை திருத்தக்கூடிய குறைகள்.

'மரபு வேட்டை' என்ற சொல்லை முன்வைத்த நண்பரின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். தொலைவிலிருந்து படம் பார்த்துவிட்டு ஒரு தீவின் மக்களையே காட்டுமிராண்டிகள் என்று வசைபாடும் போக்குக்கு மறுப்பாக அவர் அதைச் சொல்கிறார். ஆனால் இந்த வேட்டை மரபுதானா, மரபென்றால் அது தொடர்வதற்கு அந்த ஒன்றே போதிய காரணமா என்பதே வழக்காக இருக்கும்போது, ஒரு தரப்பின் வாதத்தையே வழக்குக்குப் பெயராகச் சூட்டுவது முறையாகாது. மேலும், இந்த முறை நிகழும் மூன்று இடங்களை எடுத்துக்கொண்டால் மரபு என்பது மூன்றிலும் மூன்று வேறு பொருளில் நிற்கிறது.

வட அட்லான்டிக்கில் டென்மார்க்குக்கு உட்பட்ட ஃபரோ தீவுகளில் மரபு என்ற வாதத்துக்கு ஏட்டுச் சான்றே உண்டு. 1584 முதல் பதிவுகள் கிடைக்கின்றன. 1709 முதல் ஏறத்தாழ இடையறாத கணக்கு இருக்கிறது. இறைச்சியும் கொழுப்பும் வேட்டையில் கலந்துகொண்டவர்களுக்கும் ஊராருக்கும் பங்கு பிரித்து விலையின்றி வழங்கப்படுகின்றன. 2015 முதல், பயிற்சி பெற்று உரிமம் வாங்கியவர் மட்டுமே, தண்டுவடத்தை அறுக்கும் தனி வகை ஈட்டியால் கொல்லலாம் என்பது விதி. இவ்வளவு ஒழுங்குக்குள் இருந்த வழக்கம்தான் 2021 செப்டம்பர் 12 அன்று ஸ்காலபோட்னூர் கரையில் ஒரே நாளில் 1,400-க்கும் மேற்பட்ட வெண்பக்க ஓங்கில்களைக் கொன்று தீர்த்தது. அங்கே வழக்கமாக வேட்டையாடப்படும் பைலட் திமிங்கிலங்களில் (இவையும் ஓங்கில் குடும்பமே) ஓர் ஆண்டு முழுவதும் கொல்லப்படுவதன் நீண்டகாலச் சராசரியே 800 அளவில்தான் இருந்து வந்தது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்போது எழுந்த எதிர்ப்பு வெளிநாட்டு அமைப்புகளோடு நிற்கவில்லை. பைலட் திமிங்கில வேட்டையை ஆதரித்து வந்த தீவினர் பலரே இது தங்கள் வழக்கம் அன்று என்றார்கள். மறு ஆண்டில் அரசு வெண்பக்க ஓங்கிலுக்கு ஆண்டுக்கு 500 என்று தற்காலிக வரம்பு விதித்தது. அதற்கு முன்பே, 2008-இல், தீவுகளின் தலைமை மருத்துவ அலுவலர் ஹொக்னி டெபஸ் ஜோயன்சனும் ஆய்வாளர் பால் வெய்ஹேயும், பாதரசமும் பிசிபி போன்ற நச்சு வேதிப்பொருள்களும் சேர்ந்துள்ளதால் பைலட் திமிங்கில இறைச்சி இனி மனிதர் உண்ணத் தகுந்ததன்று என்று பரிந்துரைத்திருந்தார்கள். எந்த இனம், எத்தனை, இன்னும் அது உணவுதானா என்ற கேள்விகள் அங்கே மரபுக்குள்ளிருந்தே எழுகின்றன. 'மரபு' என்று முத்திரை குத்திய சொல்லைக் கொண்டு அவற்றை எழுதவே முடியாது.

ஜப்பானின் தைஜியில் நிலைமை வேறு. அவ்வூரில் குழுவாகத் திமிங்கிலம் வேட்டையாடும் தொழில் 1606-இல் தொடங்கியது என்பதும், 1878-இல் ஒரு திமிங்கிலத்தைத் துரத்திச் சென்று புயலில் சிக்கி நூற்றுக்கும் மேற்பட்ட ஊரார் மாண்டார்கள் என்பதும் வரலாறு. ஆனால் இன்று உலகம் பார்க்கும் வேட்டை அதுவன்று. படகுகளின் பக்கவாட்டில் நீருக்குள் இரும்புக் கம்பங்களை இறக்கி, அவற்றைச் சுத்தியலால் தட்டி, அந்த ஒலியையே சுவராக்கி ஓங்கில்களைக் குடாவுக்குள் தள்ளி, வாயிலை வலையால் அடைக்கிற முறை அங்கே நிலைபெற்றது 1969-இல், அவ்வூரின் திமிங்கில அருங்காட்சியகம் திறக்கப்பட்ட அதே ஆண்டில். உயிரோடு காட்சிக்கு வைப்பது தொடக்கத்திலேயே அதன் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. இன்றும் இறைச்சிக்கு விற்பதைவிட நீர்க்காட்சியகங்களுக்கு உயிரோடு விற்பதில்தான் பெரும்பணம் இருக்கிறது. 2015-இல் உலக விலங்குக்காட்சியகச் சங்கம் தன் ஜப்பானிய உறுப்பு அமைப்பை இடைநீக்கம் செய்ததற்கும், அவ்வமைப்பு தைஜி ஓங்கில்களை வாங்குவதைத் தன் உறுப்பினர்களுக்குத் தடைசெய்ததற்கும் இந்த விற்பனையே காரணம். நானூறு ஆண்டுப் பழைமை திமிங்கில வேட்டைக்கு உரியது; ஓங்கிலை மடக்கும் முறைக்கு அந்த வயதை ஏற்றிச் சொல்வதைத்தான் எதிர்ப்பாளர்கள் கேள்வி கேட்கிறார்கள். ஊரார் தரப்பில், கருவி மாறினாலும் கடலை நம்பி வாழும் வாழ்க்கை மாறவில்லை என்று பதில் வருகிறது. அந்தப் பதிலை எளிதில் தள்ளிவிட முடியாது என்றே நான் கருதுகிறேன். ஆயினும் அது வாதம்தான், பெயர் அன்று.

சாலமன் தீவுகளில், மலைட்டாத் தீவின் ஃபனலேய் ஊரார், தோணிகளில் இருந்தபடி நீருக்கடியில் கல்லோடு கல்லை மோதி ஒலியெழுப்பி ஓங்கில்களைக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். அவற்றின் பற்கள் மணப்பெண்ணுக்கான பரிசப் பொருளாகவும் பணமாகவும் வழங்குகின்றன. 2010-இல் ஓர் அமெரிக்கச் சூழலியல் அமைப்புடன் செய்த உடன்பாட்டின்படி வேட்டையை நிறுத்திய ஊர், அது முறிந்தபின் 2013-இன் முதல் சில மாதங்களிலேயே 1,500-க்கும் மேற்பட்ட ஓங்கில்களைக் கொன்றது. மூன்று இடங்களிலும் மரபு ஆழமாக வேரோடியிருப்பது இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் பல்லின் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

'படுகொலை' என்பதைப் பற்றி மிகுதியாக எழுதத் தேவையில்லை. ஃபரோ மொழியில் அவ்வேட்டையின் பெயரான 'கிரிண்டடிராப்' என்பதிலேயே 'டிராப்' கொல்லுதலைக் குறிக்கிறது என்று நண்பர் சுட்டியது சரியே. தம் செயலுக்குத் தாமே 'கொல்லுதல்' என்று கூச்சமின்றிப் பெயர் வைத்தவர்கள் அவர்கள். ஆனால் 'கொலை'யும் 'படுகொலை'யும் தமிழில் ஒரே எடையுள்ளவை அல்ல. பின்னது குற்றத்தீர்ப்பு, கலைச்சொல் அகராதியில் அதற்கு இடமில்லை.

அடுத்தது வேட்டையா, மீன்பிடியா என்பது. ஆங்கிலத்தில் ஆதரிப்போர் 'டிரைவ் ஃபிஷரி' என்றும் எதிர்ப்போர் 'டிரைவ் ஹன்ட்' என்றும் எழுதும் வழக்கம் இருப்பதால், 'வேட்டை' என்று எழுதினாலே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டோம் என்று ஒருவர் அஞ்சினார். ஜப்பானியர் இதை 'ஓய்கோமி ர்யோ' என்கிறார்கள். மீன்பிடித்தலைக் குறிக்கும் எழுத்தும் விலங்கு வேட்டையைக் குறிக்கும் எழுத்தும் அங்கே 'ர்யோ' என்று ஒன்றுபோல் ஒலிக்கின்றன. முன்னதில் நீரைக் குறிக்கும் உறுப்பும் (நீர்க்குறி) பின்னதில் நாயைக் குறிக்கும் உறுப்பும் (நாய்க்குறி) இருக்கும். இந்த வேட்டைக்கு அவர்கள் எழுதுவது நீர்க்குறி உள்ளதை. காதுக்குத் தெரியாத சார்பு கண்ணுக்குத் தெரிகிறது. தமிழில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. சங்க நெய்தற் பாடல்களில் பரதவர் கடலில் மீன் பிடிப்பதே 'வேட்டம்' எனப்படுகிறது. காட்டு விலங்குக்கு ஒரு சொல், கடல் மீனுக்கு ஒரு சொல் என்ற பிரிவு நம் பழைய வழக்கில் இறுக்கமானதன்று. எனவே 'வேட்டை' என்பது ஆங்கிலச் சொல்லின் சார்பைத் தமிழுக்குள் கொண்டுவராது. 'மீன்பிடி' என்பதோ பாலூட்டியை மீனாக்கிவிடும். அதுதான் உண்மையில் பக்கச் சாய்வு. ('வேட்டம்' என்றே வைத்துவிடலாமே என்ற ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் செய்தித்தாள் வாசகர் அதை அச்சுப்பிழை என்று நினைத்துவிடுவார்.)

இனி, சொல்லின் முதற்பகுதி. 'விரட்டு' என்பது அப்பால் துரத்துவது; இங்கோ, விலங்கு வேட்டைக்காரனை நோக்கி, அவன் விரும்பும் இடத்துக்கு வந்துசேர வேண்டும். இலங்கைத் தமிழில் மாட்டைச் 'சாய்த்துக்கொண்டு போதல்' என்று சொல்வது இந்தப் பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் தமிழகத்தில் 'சாய்த்தல்' வேறு பொருளில் ஊன்றிவிட்டது. 'கரைவலை' என்பது கரையிலிருந்து இழுக்கும் வலைக்கு ஏற்கெனவே உரிய பெயர். தவிர, ஃபரோவில் வலையே இல்லை. படகுகள் அரைவட்டமாக நின்று, கயிற்றில் கட்டிய கற்களைக் கூட்டத்தின் பின்புறம் நீரில் எறிந்து ஓட்டுவதுதான் முறை.

'கரையேற்று' என்பதில் வேறு குழப்பம் உண்டு. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாடு அருகே 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் தாமாகவே கரை ஒதுங்கியதையும், மீனவர்கள் கடலுக்குள் இழுத்துச் சென்று விட்டவற்றுள் சில மீண்டும் கரைக்கே திரும்பியதையும் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். கூட்டத்தை விட்டுப் பிரியாத இந்த இயல்பைத்தான் வேட்டைக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள் என்றாலும், தானாக ஒதுங்குவதும் மனிதர் ஓட்டி ஒதுக்குவதும் பெயரளவில் தெளிவாகப் பிரிந்திருக்க வேண்டும். முன்னதற்குக் 'கரையொதுங்கல்' நன்றாகப் பழகிவிட்டது. அதை ஒட்டி ஒலிக்கும் சொல் பின்னதற்கு வேண்டாம்.

'மடக்குதல்' என்ற வினையை நான் பரிந்துரைக்கிறேன். ஓடுவதைத் தப்பவிடாமல் வளைத்து ஓரிடத்தில் நிறுத்துவது அதன் பொருள். 'மடக்கிப் பிடித்தனர்' என்று நாள்தோறும் செய்தியில் படிக்கிறோம். வலையிருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும்; கல்லால் ஒலியெழுப்பினாலும் கம்பத்தால் எழுப்பினாலும் பொருந்தும். கரை என்ற அடையைச் சேர்த்தால் 'கரைமடக்கு' என்பது முறையின் பெயராகிறது. கொல்லும் நோக்கமாயின் கரைமடக்கு வேட்டை. நீர்க்காட்சியகத்துக்கு உயிரோடு எடுப்பதாயின் கரைமடக்குப் பிடிப்பு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கும் இவ்விரண்டையும் பிரித்துக்கொள்வதால் தைஜியைப் பற்றி எழுதுவோருக்கு நிச்சயம் பயன் உண்டு.

ஓங்கிலா, டால்ஃபினா என்ற பழைய விவாதத்தை மீண்டும் தொடங்க விரும்பவில்லை. ஒன்று மட்டும்: பைலட் திமிங்கிலம் பெயரில் திமிங்கிலமாக இருந்தாலும் வகைப்பாட்டில் ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே வரையறையில் 'ஓங்கில் குடும்ப விலங்குகள்' என்று எழுதினால் ஃபரோவும் உள்ளே வரும்.

பதிவுக்கான வரைவு: "கரைமடக்கு வேட்டை — ஓங்கில் குடும்ப விலங்குகளின் கூட்டத்தைப் படகுகளாலும் ஒலியாலும் வளைத்து ஆழமற்ற நீருக்கோ கரைக்கோ ஓட்டிக் கொல்லும் முறை. ஃபரோ தீவுகள், ஜப்பானின் தைஜி, சாலமன் தீவுகள் ஆகிய இடங்களில் நடைபெறுவது. பண்பாட்டு உரிமை, விலங்கு நலன், உணவுப் பாதுகாப்பு ஆகியவற்றின் அடிப்படையில் விவாதத்துக்கு உள்ளாகியுள்ளது."

இலக்கணம் அறிந்தோரிடம் ஒரு கேள்வி. 'மடக்கு' என்பதை வினைத்தொகையின் முதலுறுப்பாகக் கொண்டால் 'கரைமடக்கு பிடிப்பு' என்று ஒற்று மிகாமல் எழுத வேண்டும். முதனிலைத் தொழிற்பெயராகக் கொண்டால் வன்றொடர்க் குற்றியலுகரத்தின்பின் ஒற்று மிகும். முறைக்கே பெயராக நிற்பதால் பின்னதே சரி என்று எண்ணி மேலே ஒற்றிட்டு எழுதியிருக்கிறேன். மறுப்பிருந்தால் பதிவேற்றுவதற்கு முன் தெரிவிக்க வேண்டுகிறேன்.