சதுரகிரி ஏறியவருக்கும் லேயில் வந்த மலைநோய்

வில்லாபுரத்திலிருந்து:
அமாவாசைதோறும் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறி இறங்கும் நண்பர் ஒருவருடன் லடாக் சென்றிருந்தேன். டெல்லியிலிருந்து விமானத்தில் புறப்பட்டு, 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் நேராகப் போய் இறங்கினோம். அன்று மாலையே அவருக்குத் தலைவலி தொடங்கியது, சோறும் இறங்கவில்லை. வெயில் வலி என்று தைலத்தைத் தடவிக்கொண்டவர், ஓய்வெடுக்கச் சொன்ன விடுதிக்காரரின் பேச்சைக் கேளாமல் மறுநாளே 5,300 மீட்டரைத் தாண்டும் கர்துங் லா கணவாய்க்கு வண்டி ஏறிவிட்டார். இரவில் விடுதி வராந்தாவில் அவர் நடந்த நடை இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை. ஒரு காலுக்கு நேராக மறு காலை வைக்க முடியாமல், சுவரைத் தடவியபடி பக்கவாட்டில் சாய்ந்துகொண்டே போனார். குடித்திருக்கிறார் என்று உடன் வந்தவர்கள் எண்ணினார்கள்; அவர் மதுவைத் தொட்டதே இல்லை. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோய் முற்றி மூளையில் நீர் கோத்திருப்பதாகச் சொன்ன மருத்துவர்கள், ஆக்சிஜனும் மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோன் ஊசியும் கொடுத்து, காலை விமானத்தில் கீழே அனுப்பிவைத்தார்கள்.

மேலூரிலிருந்து:
விமானத்தில் போனதுதான் காரணம் என்பதுபோல் மேலே எழுதியிருப்பதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நாங்கள் நடந்தேதான் போனோம். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் அன்றாடம் ஓடும் இளைஞர்தான் எங்களில் முதலில் படுத்தார். அவருக்குப் பின்னால் மெதுவாக நடந்துவந்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு ஒன்றும் ஆகவில்லை. வழியிலுள்ள லொபுசே என்ற ஊரில் அசையாமல் படுத்திருந்தபோதே அந்த இளைஞருக்கு மூச்சிரைத்தது, இருமலும் நிற்கவில்லை. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்று வழிகாட்டி அப்போதே சொல்லிவிட்டார். விடியட்டும் என்று காத்திராமல் இருட்டிலேயே இறக்கியதால்தான் பிழைத்தார். உடல் வலுவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை. வலுவுள்ளவர் வேகமாக ஏறிவிடுகிறார் என்பதே ஆபத்து.

திருநகரிலிருந்து:
அமர்நாத் சென்ற என் அத்தைக்கும் தலைவலி வந்து, இறங்கியதும் விட்டது. ஆகவே போகவிருப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். இந்த நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் வருகிறது. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்பதால், நம் மலைகளில் ஏறிய பழக்கம் அங்கே கணக்கில் வராது. 3,000 மீட்டருக்கு மேலே, இரவில் தங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் தங்க வேண்டும். மலைநோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே தொடங்கலாம். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் அதை அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மாத்திரையால் விரல்கள் மதமதத்தால் அஞ்ச வேண்டாம். கற்பூரத்தை முகர்ந்தால் ஆக்சிஜன் கூடும் என்று பொட்டலம் கட்டிக்கொடுப்பவர்களை நம்பாதீர்கள். தலைவலி இருக்கும்வரை ஏறாதீர்கள். நடை தடுமாறினால் உடனே இறக்கிவிடுங்கள். வில்லாபுரத்துக்காரரின் நண்பர் மறுபடி லே செல்வதாக இருந்தால், முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும். போனபின் முதல் இரண்டு நாளும் ஊருக்குள்ளேயே இருக்கட்டும்.