தீக்குச்சி விற்ற சிறுமியின் கதையைக் கடைசிவரை வாசித்துவிட்டேன். ஏழு வயதுக்கு அது அதிகமா?

நாகர்கோவில் அம்மா (டிசம்பர் 28)

வருடக் கடைசியில் அந்த வருடம் படித்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். கல்லூரி நாட்களில் ஐம்பதைத் தாண்டும். இந்த வருடம் எனக்கென்று எடுத்து முடித்தவை ஆறு மட்டும். அதிலும் சுந்தர ராமசாமியின் 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' நாவலை பிப்ரவரியில் எடுத்தேன், செப்டம்பரில்தான் முடிந்தது. ராத்திரி பாத்திரம் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தால் பத்துப் பக்கம், அதற்குள் கண் சொக்கிவிடும். ஆனால் அப்படி மெதுவாகப் படித்ததில் அந்தக் கோட்டயத்து வீட்டில் ஏழு மாதம் கூடவே இருந்த மாதிரி ஆகிவிட்டது. அப்பாவைக் கண்டு பயப்படும் அந்தப் பாலு, என் மகனிடம் நான் குரலை உயர்த்தும்போதெல்லாம் ஞாபகத்தில் வந்து நின்றான்.

பிள்ளைகளோடு சேர்ந்து சத்தமாக வாசித்ததைக் கணக்கெடுத்தால் முப்பதுக்கு மேல் வருகிறது. மகனுக்கு 11, மகளுக்கு 7. ஜூன், ஜூலை முழுக்க 'டோட்டோ-சான்', ஒரு ஜப்பானியச் சிறுமியின் பள்ளிக்கூடக் கதை. அந்தப் பள்ளியில் மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்பார் இல்லையா, அதைக் கேட்டதிலிருந்து எங்கள் வீட்டில் நெத்திலிக் கருவாடும் மரச்சீனிக் கிழங்கும் வைத்தால் "கடல் வந்தாச்சு, மலை வந்தாச்சு" என்று இரண்டும் தட்டைச் சரிபார்க்கின்றன.

டிசம்பர் பிறந்ததும் வாசலில் ஸ்டார் கட்டிவிட்டு, தினமும் ராத்திரி ஒரு கிறிஸ்துமஸ் வாசிப்பு என்று வைத்துக்கொண்டோம். முதல் நாள் லூக்கா இரண்டாம் அதிகாரம். "பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தினாள்" என்ற இடத்தில் மகள் நிறுத்தி, முன்னணை என்றால் என்ன என்று கேட்டாள். முப்பது வருடமாக ஆலயத்தில் கேட்கிற சொல், எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. மாமியார்தான் "மாட்டுக்குத் தீவனம் வைக்கிற தொட்டி மக்ளே" என்றார். அடுத்து டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்'. ஐந்து பகுதி, ஐந்து ராத்திரி, ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லிச் சொல்லி. ஓ ஹென்றியின் 'ஞானிகளின் பரிசு' (The Gift of the Magi) மகனுக்காக வாசித்தது. ஒரு டாலர் 87 சென்ட் என்று தொடங்கும் கதை, மனைவி தன் முடியை விற்றுக் கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குவாள், அவனோ கடிகாரத்தை விற்று அவள் முடிக்குச் சீப்பு வாங்கியிருப்பான். கேட்டுவிட்டு அவன் சொன்னது: "அவங்க முடி திரும்ப வளரும்மா, அவரோட கடிகாரம் திரும்ப வராதே." எத்தனையோ முறை படித்த கதை, இது எனக்குத் தோன்றியதே இல்லை.

26ஆம் தேதி ஆண்டர்சனின் தீக்குச்சிச் சிறுமி கதையை எடுத்தேன். அங்கேதான் சிக்கல். வருடத்தின் கடைசி ராத்திரி, பனி, வெறுங்கால். ஒரு குச்சிகூட விற்காமல் வீட்டுக்குப் போனால் அப்பா அடிப்பார் என்று சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கொளுத்தும் பெண். காலையில் அவள் செத்துக் கிடக்கிறாள் என்பதை நான் மாற்றவில்லை, எழுதியிருந்தபடியே வாசித்தேன். மகள் அழவில்லை, பேசவும் இல்லை. மறுநாள் அடுப்படிக்கு வந்து தீப்பெட்டியைக் கையில் எடுத்து, "ஒரு குச்சி எவ்வளவு நேரம்மா எரியும்?" என்றாள். அப்புறம், "அவ்வளவு பேர் நடந்து போனாங்களே, ஒருத்தர்கூட ஏன் வாங்கல?" இரண்டு ராத்திரியாக விளக்கை அணைக்க விடவில்லை. முடிவை மாற்றிச் சொல்லியிருக்கலாமே என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் அந்த விளக்கைப் பார்க்கும்போது குற்றவுணர்ச்சி வருகிறது. நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? பிள்ளைகளோடு வாசித்ததை உங்கள் வருடக் கணக்கில் சேர்ப்பீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

மதுரை அப்பா (டிசம்பர் 28)

கணக்கில் தாராளமாகச் சேருங்கள். சத்தமாக வாசிக்கும்போது ஒரு வரியையும் தாண்ட முடியாது, தனியாகப் படிக்கும்போது நான் நிறையத் தாண்டுகிறேன்.

கதை விஷயத்தில் உங்களோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். முடிவை மாற்றக்கூடாது, சரி. ஆனால் தள்ளிப்போட்டிருக்கலாம். ஒன்பது, பத்து வயதில் அதே கதை அவளுக்குப் பயத்தைவிட யோசனையைக் கொடுத்திருக்கும். என் மகனுக்கு 5 வயது, இழப்பு என்பது அவனுக்குப் படமாக வந்தால் போதும் என்று நினைக்கிறேன். ரேமண்ட் பிரிக்ஸின் 'தி ஸ்னோமேன்' (1978) முழுக்கப் படங்கள்தான், கதை சொல்ல ஒரு வார்த்தை கிடையாது. கிறிஸ்துமஸ் தாத்தா அதை வைத்து எடுத்த அனிமேஷன் படத்தில்தான் வருவார், புத்தகத்தில் வரமாட்டார். கடைசிப் பக்கத்தில் பனிமனிதன் உருகிக் கிடப்பான், பையன் நின்று பார்ப்பான். என் மகன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவனே முதல் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறான். எவ்வளவு நேரம் பார்ப்பது, எப்போது திருப்புவது என்பது அவன் கையில் இருக்கிறது. நாம் வாசிக்கும்போது அந்த வசதி பிள்ளைக்குக் கிடைப்பதில்லை, அதனால் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்கிறேன்.

இன்னொன்று, 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் தன் பிள்ளைகளுக்கு கிறிஸ்துமஸ் தாத்தா எழுதுவது போல வருடாவருடம் கடிதம் எழுதினார். 1920இல் மூத்த மகனுக்கு மூன்று வயது இருக்கும்போது தொடங்கி இருபது வருடத்துக்கு மேல், வட துருவ அஞ்சல்தலையைத் தானே வரைந்து ஒட்டி. அவர் இறந்த பிறகு 1976இல் புத்தகமாக வந்தது. அதைப் படித்துவிட்டு நானும் இந்த வருடம் மகனுக்கு ஒரு கடிதம் எழுதினேன், அழகர்மலைக் குரங்கு எழுதுகிற மாதிரி. இந்த வருடம் நான் படித்த எல்லாவற்றையும்விட அந்த ஒன்றரைப் பக்கத்தை எழுத அதிக நேரம் ஆனது.

கோவில்பட்டியிலிருந்து (டிசம்பர் 29)

அக்கா, நீங்கள் வாசித்தது தப்பே இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன்னால் என் மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது இதே கதையைத் தமிழில் வாசித்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாதியில் பூவைக் கீழே வைத்துவிட்டார். முடித்ததும் என் மகளிடம், "நானும் ஒன்பது வயசுல தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன் தாயி" என்றார். குச்சி அடுக்கியது, வீட்டுக்கு வந்தால் சிம்னி விளக்கில் பெட்டி ஒட்டியது, பசை காய்ந்து விரல் தோல் உரிந்தது, சனிக்கிழமை கூலி வாங்கினால் அதில் நாலணாவுக்குச் சேவு, என்று ஒரு மணி நேரம் பேசினார். எனக்கு 36 வயது, அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர் என்பது தெரியும், அந்தச் சேவு தெரியாது. நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

மகள் அன்று அழுதாள்தான். ஆனால் அழுதுகொண்டே ஆச்சியின் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் மகளும் விளக்கைப் போட்டுக்கொண்டு யோசிக்கட்டும், கூடப் படுத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டை ஆங்கில ஆசிரியர் (டிசம்பர் 29)

மேலே சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆண்டர்சனின் அம்மா துணி துவைத்துப் பிழைத்தவர். சிறுமியாக இருந்தபோது பிச்சை எடுக்க அனுப்பப்பட்டு, கேட்க வாய் வராமல் ஒரு பாலத்தடியில் உட்கார்ந்து அழுததாக ஆண்டர்சனே எழுதியிருக்கிறார். 1845இல் ஒரு டேனிஷ் பஞ்சாங்கத்துக்காக, அவருக்கு மூன்று படங்களை அனுப்பி ஏதாவது ஒன்றுக்குக் கதை கேட்டார்கள். அவர் தேர்ந்தெடுத்தது தீக்குச்சிக் கட்டோடு நிற்கும் சிறுமியின் படம். அந்தக் கதையின் முடிவை நாம் மாற்றினால் எதை அழிக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிக்கன்ஸும் அப்படித்தான். அப்பா கடனுக்காகச் சிறையில் இருக்க, 12 வயதில் பூட்ஸ் பாலிஷ் தொழிற்சாலையில் டப்பாக்களுக்குக் காகிதம் ஒட்டியவர். 'கேரல்' 1843 டிசம்பர் 19 அன்று வந்தது, விலை ஐந்து ஷில்லிங். கதையில் வரும் ஏழைக் குமாஸ்தா பாப் கிராட்சிட்டின் வாரச் சம்பளம் பதினைந்து ஷில்லிங். அதாவது தன்னைப் பற்றிய புத்தகத்தை வாங்க அவர் ஒரு வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். உங்கள் மகனுக்கு 11 வயது என்றால் இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள், நான் வகுப்பில் செய்வேன், பிள்ளைகள் கொஞ்ச நேரம் அமைதியாகிவிடுவார்கள்.

நாகர்கோவில் அம்மா (டிசம்பர் 31)

எல்லோருக்கும் நன்றி. மதுரை அண்ணன் சொன்னது நியாயம்தான், எப்போது நிறுத்துவது என்பதை அவள் கையில் கொடுக்காமல் நானே வாசித்துக்கொண்டு போய்விட்டேன். அடுத்த முறை அந்த மாதிரி இடம் வரும்போது நிறுத்திக் கேட்பேன். ஆனால் முடிவு அப்படியேதான் இருக்கும்.

நேற்று ராத்திரி கோவில்பட்டித் தங்கை எழுதியதை இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். மகன் ஒன்பது வயதில் எத்தனை மணிக்கு வேலைக்குப் போவார்கள் என்று கேட்டான். மகள் போய்த் தீப்பெட்டியை எடுத்து வந்து, பக்கத்து மருந்தையும் ஒட்டின இடத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள். விளக்கு நேற்றும் எரிந்தது.

நோட்டில் ஆறை அடித்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எழுதிவிட்டேன். தங்கை, மகள் உங்களிடம் ஒன்று கேட்கச் சொல்கிறாள்: அந்தச் சேவு இப்போதும் ஆச்சிக்குப் பிடிக்குமா?