சி-யில் எழுதிய சின்ன வெப் சர்வர்: கன்டெய்னரில் போட்டால் "ஃபைல் இல்லை" என்கிறது

கேள்வி

வணக்கம். சி மொழியில் சின்னதாக ஒரு வெப் சர்வர் எழுதியிருக்கிறேன். வெளி லைப்ரரி எதுவும் கிடையாது. சாக்கெட்டும், திரெட் (இணையாக ஓடும் வேலை) உருவாக்கும் பிதிரெட்டும் மட்டும்தான். ஓர் இணைப்புக்கு ஒரு திரெட், போர்ட் 8080. உபுண்டு 24.04 லேப்டாப்பில் ஜிசிசி-யால் கம்பைல் செய்து ஓட்டினால் பக்கங்கள் உடனே வருகின்றன. இமேஜ் சிறியதாக இருக்கட்டும் என்று டாக்கர்ஃபைலில் (டாக்கர் கன்டெய்னருக்கான இமேஜைக் கட்டும் குறிப்பு) ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸை அடிப்படையாக வைத்து, லேப்டாப்பில் உருவான பைனரியை அப்படியே உள்ளே காப்பி செய்தேன். ஓட்டினால் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று சொல்லி நின்றுவிடுகிறது. உள்ளே ஷெல் திறந்து பார்த்தால் ஃபைல் இருக்கிறது, ஓட்டும் அனுமதியும் இருக்கிறது. வேறு எங்கே தேடுவது?

முதல் பதில்

பைனரி கிடைத்துவிட்டது, அதை ஏற்றிவிடும் லோடர்தான் கிடைக்கவில்லை. டைனமிக்காக லிங்க் ஆன, அதாவது லைப்ரரியை ஓடும்போது சேர்த்துக்கொள்ளும், ஒவ்வொரு பைனரியிலும் "என்னை இந்த லோடர் வழியாக ஏற்று" என்று ஒரு பாதை எழுதப்பட்டிருக்கும். உபுண்டுவில் அது ஜிலிப்சி என்ற சி லைப்ரரியின் லோடர். ஆல்பைனில் இருப்பது மஸல் என்ற வேறு சி லைப்ரரி. அந்தப் பாதையில் எதுவும் இருக்காது. கர்னல் அதைத் தேடி, கிடைக்காமல், அதே பிழையைத் திருப்பி அனுப்புகிறது. ஷெல்லோ உங்கள் ஃபைலின் பெயரைப் போட்டு அச்சிடுகிறது. அதனால்தான் இது இவ்வளவு பேரைக் குழப்புகிறது.

லேப்டாப்பில் கம்பைல் செய்வதை விட்டுவிடுங்கள். டாக்கர்ஃபைலை இரண்டு கட்டமாக எழுதுங்கள். முதல் கட்டம் ஆல்பைன்: அதில் பில்ட்-பேஸ் தொகுப்பை நிறுவி, ஜிசிசி-க்கு ஸ்டேட்டிக் கொடி (லைப்ரரியை பைனரிக்குள்ளேயே சேர்க்கச் சொல்வது) கொடுத்துக் கம்பைல் செய்யுங்கள். இரண்டாவது கட்டம் ஸ்கிராட்ச், அதாவது முழுக்கக் காலியான இமேஜ். அதில் பைனரியையும் உங்கள் பக்கங்கள் உள்ள அடைவையும் மட்டும் காப்பி செய்தால் போதும். கம்பைலரும் ஹெடர்களும் முதல் கட்டத்தோடு நின்றுவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி, கன்டெய்னர் இப்போது ஓடுகிறது. ஆனால் 8080-ஐ வெளியே திறந்துவிட்டும் பிரவுசரில் "கனெக்‌ஷன் ரீசெட்" என்றே வருகிறது. டாக்கர் லாக்ஸிலும் ஒரு வரிகூட இல்லை. சர்வர் தொடங்கியதும் "தயார்" என்று பிரின்ட்எஃப் போட்டிருக்கிறேன், அதுவும் வரவில்லை.

இரண்டாவது பதில்

பைண்ட் செய்யும் இடத்தில் 127.0.0.1 கொடுத்திருக்கிறீர்களா? ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி நெட்வொர்க் உலகம், அதற்கென்று தனி லூப்பேக் (தனக்குள்ளேயே பேசும் முகவரி, அதுதான் 127.0.0.1). வெளியிலிருந்து வரும் இணைப்பை டாக்கர் கன்டெய்னரின் ஈதர்நெட் இடைமுகத்தின் ஐபி முகவரிக்குத்தான் தள்ளுகிறது. லூப்பேக்கில் மட்டும் காது கொடுக்கும் சர்வருக்கு அது கேட்காது. எல்லா முகவரிகளிலும் கேட்கும் 0.0.0.0 என்று மாற்றுங்கள்.

லாக் விஷயம் தனி. டெர்மினலில் ஓடும்போது வரி முடிந்தவுடன் வெளியே வரும். டெர்மினல் இல்லாமல் பைப்பில் எழுதும்போது சி லைப்ரரி பஃபர் நிறையும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும். மெயினின் தொடக்கத்திலேயே செட்விபஃப் போட்டு, ஸ்டிடிஅவுட்டை வரிக்கு வரி வெளியேற்றச் சொல்லுங்கள்.

கேட்டவர்

127.0.0.1 தான் இருந்தது. இரண்டையும் மாற்றினேன், பக்கம் வருகிறது, லாக்கும் வருகிறது. ஆனால் டாக்கர் ஸ்டாப் கொடுத்தால் பத்து விநாடி அப்படியே நிற்கிறது. வெளியேறும் எண் 137. இது சாதாரணம்தானா?

முதல் பதில்

சாதாரணமாக விடக்கூடாத விஷயம் இது. கன்டெய்னருக்குள் உங்கள் சர்வர்தான் 1-ஆம் எண் ப்ராசஸ். அந்த எண்ணுக்கு லினக்ஸ் தனிப் பாதுகாப்பு தருகிறது: ஹேண்ட்லர் (சிக்னல் வந்தால் ஓடும் ஃபங்‌ஷன்) வைக்காத சிக்னலின் இயல்பான விளைவு அதன்மேல் பாயாது. டாக்கர் முதலில் சிக்டெர்ம் ("நின்றுவிடு" என்ற சிக்னல்) அனுப்புகிறது, உங்கள் சர்வருக்கு உறைக்கவில்லை. 10 விநாடி பார்த்துவிட்டு சிக்கில் (தடுக்க முடியாத 9-ஆம் எண் சிக்னல்) அனுப்புகிறது. 128-உடன் 9 சேர்த்தால் 137. அந்த நேரத்தில் யாராவது ஒரு பக்கத்தை இறக்கிக்கொண்டிருந்தால் பாதியில் அறுந்துவிடும்.

டாக்கர் ரன்னில் இனிட் கொடி கொடுத்தால் டினி என்ற குட்டி நிரல் 1-ஆம் எண்ணை எடுத்துக்கொள்ளும், சர்வர் சட்டென்று நிற்கும். ஆனால் அப்போதும் இணைப்புகள் அறுபடத்தான் செய்யும். ஹேண்ட்லர் எழுதுவதே சரி.

கேட்டவர்

சிக்னல் ஃபங்‌ஷனால் ஹேண்ட்லர் வைத்து, அதில் ஒரு கொடியை மாற்றுகிறேன். அக்செப்ட் லூப் (புதிய இணைப்புக்காகக் காத்திருக்கும் சுற்று) அந்தக் கொடியைப் பார்த்து முடிய வேண்டும். இன்னும் பத்து விநாடிதான்.

முதல் பதில்

ஹேண்ட்லர் ஓடுகிறது, கொடியும் மாறுகிறது. ஆனால் லூப் அதைப் பார்க்கவே வருவதில்லை. சிக்னல் ஃபங்‌ஷன், மஸலிலும் ஜிலிப்சி-யிலும், எஸ்ஏ ரீஸ்டார்ட் என்ற தன்மையோடு ஹேண்ட்லரை வைக்கிறது. அதனால் தடைபட்ட அக்செப்டை கர்னலே மறுபடி தொடங்கிவிடுகிறது. அடுத்த இணைப்பு வந்தால்தான் லூப் நகரும். சிக்ஆக்‌ஷன் பயன்படுத்தி, அதன் எஸ்ஏ ஃப்ளாக்ஸ் புலத்தை 0 என்று வையுங்கள். அக்செப்ட் மைனஸ் 1 தரும், எர்நோவில் ஈஇன்டர் (சிக்னலால் தடைபட்டது என்ற பிழை) இருக்கும், லூப் முடியும்.

அப்புறம், உங்களிடம் பல திரெட்கள் உள்ளன. சிக்னல் அவற்றில் எதற்கும் போகலாம். திரெட் உருவாக்கும் முன் பிதிரெட் சிக்மாஸ்க்கால் சிக்டெர்மை அடைத்து, உருவான பின் மெயின் திரெட்டில் மட்டும் திறந்துவிடுங்கள். கொடியின் வகை வாலடைல் சிக்அட்டாமிக்டி ஆக இருக்கட்டும். கொடியைப் பார்ப்பதற்கும் அக்செப்டுக்குள் நுழைவதற்கும் நடுவே சிக்னல் வந்தால் தவறிவிடக்கூடிய சின்ன இடைவெளி ஒன்று மிஞ்சும். அதையும் அடைக்க வேண்டுமென்றால் சிக்னலைத் திறப்பதையும் காத்திருப்பதையும் ஒரே படியில் செய்யும் பிபோல் பக்கம் போங்கள்.

மூன்றாவது பதில்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஓர் இணைப்புக்கு ஒரு திரெட் என்பதால் சொல்கிறேன்: ஜிலிப்சி-யில் திரெட்டுக்கு வழக்கமாக 8 எம்பி ஸ்டாக் (லோக்கல் மாறிகளுக்கான இடம்) கிடைக்கும், மஸலில் இயல்பாக 128 கேபி மட்டும். இணைப்பைக் கவனிக்கும் ஃபங்‌ஷனுக்குள் பெரிய பஃபரை லோக்கல் அரேயாக வைத்திருந்தால் லேப்டாப்பில் ஓடி, இங்கே 139 (நினைவக எல்லை மீறிய பிழை) என்று விழும். நானாக இருந்தால் டெபியன் ஸ்லிம்முக்குப் போவேன். இமேஜ் பெரிதாகும், ஆனால் உள்ளே ஷெல் இருக்கும், கோளாறு பார்க்க வசதி. அப்போதும் கம்பைலை அதே டெபியனில் செய்யுங்கள். உபுண்டு 24.04-இல் ஜிலிப்சி 2.39, டெபியன் 12-இல் 2.36, புதியதில் கட்டியது பழையதில் ஓட மறுக்கலாம்.

கேட்டவர்

பஃபர் 256 கேபி, லோக்கல் அரேதான்! பெரிய பக்கங்களுக்கான ஃபங்‌ஷனில் மட்டும் இருப்பதால், சிறிய பக்கங்களையே சோதித்த எனக்கு இன்னும் விழவில்லை போல. ஸ்டாக்குக்கு வெளியே இடம் எடுக்கும் மால்லாக்குக்கு மாற்றிவிட்டேன், இப்போதைக்கு ஸ்கிராட்சிலேயே இருக்கிறேன். சிக்ஆக்‌ஷனும் சிக்மாஸ்க்கும் போட்டபின் ஸ்டாப் உடனே நிற்கிறது, வெளியேறும் எண் 0. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசியாக ஒன்று: ரூட் இல்லாமல் ஓட்ட யூசர் வரி போட்டால், அப்படி ஒரு பயனரே இல்லை என்கிறது.

இரண்டாவது பதில்

ஸ்கிராட்சில் பயனர் பெயர்கள் உள்ள பாஸ்வேர்ட் ஃபைல் கிடையாது, அதனால் பெயரைத் தேட வழியில்லை. யூசர் வரியில் பெயருக்குப் பதில் 10001 மாதிரி ஓர் எண்ணைக் கொடுங்கள். பக்கங்கள் உள்ள அடைவை அந்த எண் படிக்க முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.