படிப்பகம் வைஃபை: இரண்டு லைன் விஷயம்

கலா: சுதா தம்பி, சிம் ரவுட்டரும் வாங்கி மாட்டியாச்சு, ஆனால் நேற்று இரவு மகள் வகுப்புப் பதிவை இறக்கும்போது பழைய வேகம்தான். ஃபைபர் 30, சிம் 10, சேர்த்தால் 40 வர வேண்டாமா?

சுதாகர்: ஒரு ஆளுக்கு 40 வராது அக்கா. ஃபைபருக்கு ஒரு இணைய முகவரி (ஐபி), சிம்முக்கு வேறு முகவரி. பதிவு எந்த முகவரியில் இறங்கத் தொடங்கியதோ அதே லைனில்தான் முடியும். பிள்ளைகள் பத்துப் பேர் ஒரே நேரம் உட்காரும்போதுதான் இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். மூன்று பங்கு ஃபைபர், ஒரு பங்கு சிம் என்று பிரித்திருக்கிறேன்.

ராஜா: ஒரே பதிவை இரண்டு வழியிலும் பாதி பாதியாக எடுக்கவே முடியாதா?

சுதாகர்: அப்படி எடுக்க மல்டிபாத் டிசிபி என்று ஒரு வழிமுறை 2013இலேயே வந்தது அண்ணன், ஆனால் மறுபக்க சர்வரும் அதை ஏற்க வேண்டும், பெரும்பாலானவை ஏற்பதில்லை.

ராஜா: சரி. வங்கிக் கணக்கைத் திறந்தால் பாதியில் வெளியே தள்ளுகிறதே, அதுவும் இதனாலா?

சுதாகர்: இதனால்தான் இருக்கும். இப்போது ஒவ்வொரு இணைப்பும் தனித்தனியாகப் பிரிகிறது, அதனால் வங்கிக்கு ஒரே ஆள் இரண்டு முகவரியில் இருந்து வருவது போலத் தெரியும், சில வங்கிகள் உடனே லாகவுட் பண்ணிவிடும். நம் மைக்ரோடிக் ரவுட்டரில் இணைப்புகளை இரண்டு லைனுக்கும் பங்கிடும் பிசிசி என்ற அமைப்பை, அனுப்பும் கருவியின் முகவரியை மட்டும் பார்க்கும்படி மாற்றுகிறேன், அப்புறம் உங்கள் போன் எப்போதும் ஒரே லைனில்தான் போகும். ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) பிள்ளைகளின் சூம் கணினிகளை ஃபைபரிலேயே கட்டிவிடுகிறேன், சிம்மில் டேட்டாவுக்கு வரம்பு இருக்கிறதே.

நிரோஷா: அண்ணா, போன கிழமை மழையில் ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை. சிம்முக்கு மாறவும் இல்லை.

சுதாகர்: முக்கியமான கேள்வி தங்கச்சி. அந்த விளக்கு நம் ரவுட்டருக்கும் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் இடையே வயர் சரி என்று மட்டும்தான் சொல்லும், அதற்கு அப்பால் மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால் ரவுட்டருக்குத் தெரியாது. அதனால் கூகிளின் 8.8.8.8 போல தூரத்து முகவரி ஒன்றை விடாமல் பிங் பண்ண, அதாவது சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்க, ரவுட்டருக்குச் சொல்ல வேண்டும், அந்த பிங் ஃபைபர் வழியாக மட்டுமே போகும்படி பூட்டவும் வேண்டும். பூட்டாவிட்டால் அது சிம் வழியாகப் போய்ப் பதில் வாங்கிவிடும், ரவுட்டர் ஃபைபர் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். மாறும் நேரத்தில் சூம் கொஞ்சம் நின்றுதான் திரும்ப வரும், முகவரி மாறுகிறதே.

ராஜா: மண்சரிவு வந்தால்?

சுதாகர்: அதுதான் என் பயமும். சிம்முக்கு சிக்னல் தரும் டவருக்குப் போகும் ஃபைபரும் நம் ஃபைபரும் ஒரே ரோட்டோரமாக வந்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும், எத்தனை லைன் எடுத்தும் பிரயோசனம் இல்லை. இரண்டாவது லைனை வேறு பக்கத்து டவரில் பிடிக்கும்படி சிம் ரவுட்டரை மேல் ஜன்னலுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்.

கலா: ஞாயிறு வகுப்பு முடிந்ததும் வா, சாவி என்னிடம்தான்.

சுதாகர்: வருகிறேன் அக்கா. ரவுட்டர் வயரைத் தொடாமல் பெட்டிக்குள் வரும் ஃபைபரை மட்டும் கழற்றிப் பார்ப்போம், விளக்கு எரியும்போதே சிம்முக்கு மாறினால் சரி. நிரோஷா, நீ ஒரு சூம் ஓடவிட்டுக்கொண்டு இரு.