திரையில் சதுரம் சதுரமாகக் கறை, துடைத்தாலும் போகவில்லை, அவசரம்

பூச்சோங்வாசி:
லேப்டாப் திரையில் கறை. கீழே போடவில்லை, தண்ணீர் கொட்டவில்லை. துணியால் துடைத்துப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. வெள்ளிக்கிழமை இணையவழி நேர்முகம். என்ன செய்வது?

தேதாரிக்:
என்ன மாடல்? திரை எரியும்போது தெரிகிறதா, அணைந்திருக்கும்போதா? என்ன துணி? படம் போடுங்கள்.

மழைக்காலம்:
நம் ஊர் ஈரப்பதம்தான் காரணம். பூஞ்சணம். என் கேமரா லென்ஸிலும் இப்படித்தான் பிடித்தது. அரிசி டின்னுக்குள் இரண்டு நாள் வையுங்கள்.

பழையகை:
பூஞ்சணம் சதுரமாக முளைக்குமா ஐயா? தலைப்பையாவது படித்துவிட்டு எழுதலாம். பை இறுகும்போது மூடி அமுங்கித் திரை விசைப்பலகையின் மேல் படிகிறது. விசைகளில் இருக்கும் விரல் எண்ணெய் அதில் ஒட்டிக்கொள்கிறது. இதை எத்தனை முறைதான் எழுதுவது?

பூச்சோங்வாசி:
சதுரங்கள் அணைத்தால்தான் தெரிகின்றன. எரியும்போது நடுவில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள், சொல்ல மறந்துவிட்டேன். ராணுவத் தரம் என்று பெட்டியில் போட்டிருந்ததே?

பட்டர்வொர்த்படகு:
இரண்டும் வேறு வேறு கோளாறு. சதுரம் மேலே ஒட்டிய எண்ணெய். லேப்டாப்பை அணைத்து, மைக்ரோஃபைபர் துணியில் காய்ச்சி வடித்த நீரை லேசாகத் தொட்டுத் துடையுங்கள். திரைமேல் நேராகத் தெளிக்க வேண்டாம், அமோனியா கலந்த ஜன்னல் திரவமும் வேண்டாம். வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் உள்ளே பின்னொளியைப் பரப்பும் தாள் நசுங்கிய இடம், துடைத்துப் போகாது. பையில் மூடியை ஒட்டி என்ன வைக்கிறீர்கள்?

பூச்சோங்வாசி:
சார்ஜர், தண்ணீர் போத்தல். சில நாள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம்.

பழையகை:
அந்த ராணுவத் தரம், அதாவது மில்-எஸ்டிடி-810, அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு. எவற்றை நடத்துவது என்று தயாரிப்பாளரே முடிவு செய்துகொள்கிறார். மாலை ஆறு மணி நெரிசலில் கோலாலம்பூர் மஸ்ஜித் ஜமெக் நிலையத்தில் எல்ஆர்டி ரயில் மாறுவது அதில் இல்லை.

தேதாரிக்:
நான் விசைப்பலகைமேல் துணி விரித்துத்தான் மூடுவேன்.

பட்டர்வொர்த்படகு:
தடித்த துணி என்றால் வேண்டாம். மேக்புக்கில் கேமரா மறைப்பை ஒட்டியபடி மூடினால் திரை உடையலாம் என்று 2020இல் ஆப்பிளே எச்சரித்தது. ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால் 0.1 மி.மீ.க்கு மேல் தடிமன் கூடாதாம். அதாவது ஒரு சாதாரணத் தாள்.

மழைக்காலம்:
ரயிலில் பையை முன்பக்கம் மாட்டினால் யாரும் நசுக்க மாட்டார்கள்.

தேதாரிக்:
மாட்டுங்கள், உட்கார்ந்திருப்பவர் மூக்கில் இடிக்கும். நேற்று என் மூக்கில் இடித்தது.

மழைக்காலம்:
கதவை மறித்து நிற்பவர்களைவிட அது மேல்.

தேதாரிக்:
அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்றால் கதவோரம்தானே நிற்க வேண்டும்?

மழைக்காலம்:
ஐந்து நிலையங்களுக்கு முன்பிருந்தேவா?

பழையகை:
இது லேப்டாப் இழை.

பூச்சோங்வாசி:
சதுரங்கள் போய்விட்டன. புள்ளிகள் இருக்கின்றன, கேமராவில் தெரியாது என்பதால் விட்டுவிட்டேன். சார்ஜரை வெளிப்பைக்கு மாற்றியாயிற்று. நன்றி.

தேதாரிக்:
கடைசி வரைக்கும் மாடலைச் சொல்லவில்லையே?