குற்றத்தொடரில் காரை வைத்து ஆளைக் காட்டுவது எப்படி?

பீனிக்ஸ்_எழுத்து:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடக்கிற ஒரு குற்றத்தொடருக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறோம். நாயகன் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த் பகுதியில் கணக்கு எழுதுகிறவர், போகப் போகக் கள்ளப்பணத்தில் இறங்குகிறார். முதலில் பழைய டொயோட்டா டாஸ், கடைசியில் பி.எம்.டபிள்யூ என்று வைத்திருக்கிறோம். இது போதுமா? ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் இதை எப்படிக் கையாண்டார்கள்?

மவுண்ட்எட்ஜ்கோம்ப்:
போதாது தம்பி. பழசு போய்ப் புதுசு வந்தால் கையில் காசு புரள்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். ஆள் மாறியது தெரியாது. ‘பிரேக்கிங் பேட்’ நாயகன் வால்ட்டர், போதைப்பொருள் தயாரிப்பில் இறங்குகிற வேதியியல் வாத்தியார். அவர் வண்டி வெளிறிய பச்சை போன்டியாக் ஆஸ்டெக், 2004 மாடல். சரியாக விற்காமல் 2005-இல் தயாரிப்பே நின்றுபோன வண்டி. அதன் விரிசல் விழுந்த முன்கண்ணாடியைக் கவனியுங்கள். மூன்றாம் சீசனில் அந்த விரிசலுக்காகத்தான் போலீஸ் மடக்குகிறது. அபராதச் சீட்டை வாங்கிக்கொண்டு போகாமல் எகிறி, முகத்தில் பெப்பர் ஸ்ப்ரே வாங்குகிறார். அடக்கி வைத்த கோபம் ஒரு கண்ணாடிக் கீறல் வழியாக வெளியே வருகிறது.

ஐந்தாம் சீசனில் மெக்கானிக் அதே வண்டியைச் சரிசெய்து கொடுத்து, உள்ளே கிடந்த தொப்பியையும் நீட்டுகிறார். கள்ளத்தொழிலில் அவர் போடுகிற தொப்பி அது. வால்ட்டர் தொப்பியை மாட்டிக்கொள்கிறார். நன்றாக ஓடுகிற வண்டியை அந்த மெக்கானிக்கிடமே 50 டாலருக்குத் தள்ளிவிடுகிறார். அடுத்து வீட்டு வாசலில் கறுப்பு கிரைஸ்லர் 300, மகனுக்குச் சிவப்பு டாட்ஜ் சேலஞ்சர். அந்த 50 டாலர்தான் காட்சியின் உயிர். உங்கள் கணக்கரும் டாஸை எப்படிக் கைவிடுகிறார் என்பதை எழுதுங்கள். பி.எம்.டபிள்யூ வாங்கும் காட்சியே தேவைப்படாது.

உம்கேனி_கரை:
அண்ணா சொன்னதோடு, அதே தொடரின் போதைப்பொருள் முதலாளி கஸ் பிரிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரையே கையில் வைத்திருக்கிறவர் ஓட்டுவது பழைய வால்வோ வி70 ஸ்டேஷன் வேகன். யார் கண்ணிலும் படக் கூடாது என்பதே அவர் கணக்கு. நான்காம் சீசனில் அதன் அடியில் குண்டு வைத்திருக்கும்போது, ஆஸ்பத்திரிப் பார்க்கிங்கில் கொஞ்ச நேரம் நின்று யோசித்து, காரை அப்படியே விட்டுவிட்டு நடந்து போய்விடுகிறார். வசனமே இல்லை. ஆகவே உங்கள் பெரிய வில்லனுக்கு விலையுயர்ந்த வண்டி கொடுக்காதீர்கள். பழைய கொரோலா போதும், ஆனால் கழுவித் துடைத்து, சர்வீஸ் தவறாமல்.

பீனிக்ஸ்_எழுத்து:
நன்றி. நம்ம ஊர் அடையாளங்கள் எதை வைக்கலாம்?

மவுண்ட்எட்ஜ்கோம்ப்:
லைசென்ஸ் டிஸ்க், அதாவது வண்டி உரிமம் கட்டியதற்கான வட்டச் சீட்டு. முன்கண்ணாடியின் இடது கீழ்மூலையில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். நாள் தவறாத கணக்கர், தேதி போய் 21 நாள் சலுகையும் தாண்டிய டிஸ்கோடு ஓட்டினால், புத்தி வேறெங்கோ இருக்கிறது என்று பார்ப்பவருக்குப் புரியும். முதல் பகுதியில் வேறு காரணத்துக்காக அந்த மூலையை ஒருமுறை க்ளோசப்பில் காட்டிவிடுங்கள். பிறகு வரும் போலீஸ் ரோட்பிளாக்கில் அது வேலை செய்யும்.

சாமி அடையாளத்தில் கவனம் வேண்டும். டாஷ்போர்டில் முருகன் படம் ஒட்டிவிட்டு மறந்துபோனால் அது வெறும் அலங்காரம். புது வண்டிக்குப் பூசை போட்டு, சந்தனப்பொட்டு வைத்து, சக்கரத்தில் எலுமிச்சை நசுக்குவது எல்லா வீட்டிலும் நடப்பது. கள்ளப்பணத்தில் வாங்கிய வண்டிக்கு அவர் பூசையே போடாமல் விட்டால்? அம்மா “கோயிலுக்கு எப்ப எடுத்துட்டுப் போறே?” என்று ஒவ்வொரு பகுதியிலும் கேட்கட்டும்.

உம்கேனி_கரை:
நம்பர் பிளேட்டும் பேசும். ஜி.பி. என்று முடிந்தால் ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கத்து ஆள். பழைய வரிசையில் என்.டி. என்று தொடங்கினால் டர்பன். 2023 டிசம்பரில் நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் புது வரிசை தொடங்கியது, அதனால் கதை நடக்கும் வருஷத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பொய்யான பிளேட்டை மாட்டிக்கொண்டு பொதுச்சாலையில் ஓட்டுவது குற்றம். மூடிய வளாகத்தில் மட்டும் மாட்டுங்கள்.

இன்னொன்று: விரிசல், துரு, பொட்டு எது வைத்தாலும் ஒவ்வொரு நாள் படப்பிடிப்பு முடிந்ததும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, காட்சி எண்ணோடு வைத்துக்கொள்ளுங்கள். காட்சிகளை வரிசையாக எடுக்க மாட்டீர்கள். நாலாம் பகுதியில் விழுந்த விரிசல் மூன்றாம் பகுதியில் தெரிந்தால், பார்ப்பவர் அதற்கு மேல் எந்த அடையாளத்தையும் நம்ப மாட்டார்.